ஆங்கில மூலை: வகுப்பறைக்கு வெளியே நாவைப் பழக்கும் இடம்

அண்மையில் இடம்பெயர்ந்த குடும்பங்களுடன் நடந்த ஒரு கூட்டத்தின் முடிவில் தகப்பன் ஒருவர் எழுந்து எம்மிடம் இப்படிக் கேட்டார்: "பாதர், என்ர மகள் மூன்றாம் வகுப்பிலயிருந்து இங்கிலீஸ் படிக்கிறாள். ரியூசனுக்கும் காசு கட்டிறன். ஆனால் நிறுவனத்து வெள்ளைக்காரர் ஆரும் வந்து பேரைக் கேட்டால் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறாள். நீங்கள் ஒரு வெள்ளைக்கார ரீச்சரை இஞ்ச கொண்டுவந்து விட்டால் என்ன?"

கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனினும் அது சிரித்து விட்டுவிடக் கூடிய கேள்வி அல்ல. காணியைவிட்டு வந்த குடும்பத்துக்குப் பிள்ளையின் படிப்பே கையில் எஞ்சியிருக்கும் முதுசம். அந்தப் படிப்புக்காகத் தாய்மார் நகையை அடகு வைப்பதையும் நாம் அறிவோம். ஆகவே, வெளிநாட்டு ஆசிரியர் வந்தால் பிள்ளைக்கு ஆங்கிலப் பேச்சு வந்துவிடுமா என்பதை நாம் ஆறுதலாக ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

இதனை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்த ஒரு நாடு சீனா. அந்நாட்டு மாணவரில் மிகப் பெரும்பாலானோரும் ஒரு காலத்தில் எம்மைப் போன்ற கமக்காரரின் பிள்ளைகளே. அங்கே வகுப்பறைக்கு வெளியே தோன்றிய 'ஆங்கில மூலை' என்ற வழக்கத்தையும், அதில் வெளிநாட்டு ஆசிரியர்கள் வகித்த பங்கையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

ஊமை ஆங்கிலம்

1950களில் சீனப் பாடசாலைகளில் முதலிடம் பெற்ற வெளிநாட்டு மொழி ரஷ்ய மொழியே. 1966 தொடக்கம் 1976 வரை நீடித்த கலாசாரப் புரட்சிக் காலத்தில் வெளிநாட்டு வானொலியைக் கேட்பதுகூடக் குற்றமாகக் கொள்ளப்பட்டது. 1977இல் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை மீண்டும் ஆரம்பமாயிற்று. 1978 டிசெம்பரில் வெளியுலகுக்குக் கதவைத் திறக்கும் கொள்கை வகுக்கப்பட்டது. அதன் பின்னர் ஆங்கிலம் படிப்போர் தொகை ஆண்டுக்காண்டு பெருகியது. 2001இல் ஆரம்பப் பாடசாலையின் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பிக்குமாறு கல்வி அமைச்சு வழிகாட்டியது.

விதைப்பு பெரிது. ஆனால் விளைச்சல் வேறுவிதமாக இருந்தது. மாணவர்கள் வாசித்தார்கள், இலக்கணப் பயிற்சிகளைச் சரியாகச் செய்தார்கள், ஆயிரக்கணக்கான சொற்களை மனனம் செய்தார்கள். வாய் மட்டும் திறக்கவில்லை. இதற்குச் சீனர்களே 'ஊமை ஆங்கிலம்' என்று ஒரு பெயரும் வைத்தார்கள்.

இதற்குப் பிள்ளைகளின் மந்தம் காரணம் அல்ல. ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். பாடவேளை 40 நிமிடம். வகுப்பில் 50 பிள்ளைகள். பாதி நேரம் ஆசிரியர் பேசினால் மிகுதி 20 நிமிடம். அதை ஐம்பதாகப் பிரித்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 24 விநாடி. மாதத்தில் 20 பாடவேளைகள் நடந்தாலும் அப்பிள்ளை வாய் திறந்து பேசக் கிடைப்பது 8 நிமிடம் மட்டுமே. அதுவும் எல்லோருக்கும் சரிசமமாகப் பங்கிட்டால்தான். நடைமுறையில் முன்வாங்கில் இருக்கும் நாலு பேர் அதையும் எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கு மேல், பரீட்சையில் பெரும்பாலும் எழுத்துக்கே புள்ளி, பேச்சுக்கு இல்லை. புள்ளி இல்லாததை எந்த ஆசிரியரும் நேரம் ஒதுக்கிப் பழக்க மாட்டார். கிராமத்து ஆசிரியர் பலர் தாமே ஆங்கிலப் பேச்சைக் காதால் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லர். இந்த நிலைமை எமக்கு அந்நியமானது அல்ல என்பதை வாசகர்கள் உணர்வார்கள்.

பூங்காவில் கூடியவர்கள்

இந்தக் குறையைப் போக்க முதலில் முன்வந்தது அரசாங்கம் அல்ல, சாதாரண சனங்களே. 1970களின் இறுதியில் ஷங்காய் நகரின் மக்கள் பூங்காவில், ஓய்வு நாட்களில் சிலர் ஒரு மூலையில் கூடித் தமக்குள் ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். அதுவே 'ஆங்கில மூலை' எனப் பெயர் பெற்றது. பின்னர் வேறு நகரங்களின் பூங்காக்களுக்கும் பல்கலைக்கழக வளவுகளுக்கும் அவ்வழக்கம் பரவியது. பீஜிங்கில் உள்ள மக்கள் பல்கலைக்கழகத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடிய மூலை நாடெங்கும் பெயர் பெற்றது.

அங்கே கதிரை இல்லை, கட்டணம் இல்லை, வரவுப் பதிவும் இல்லை. வருபவர்கள் சிறு சிறு வட்டங்களாக நின்று பேசுவார்கள். மாணவர், தொழிலாளர், கடைச் சிப்பந்திகள், வேலை தேடுவோர் எனப் பலரும் வந்தார்கள். 1949க்கு முன்னர் மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்று, பின்னர் பல்லாண்டு காலம் அதனை வாய்விட்டுப் பேசாதிருந்த முதியவர்களும் வந்தார்கள். 1982இல் 'ஃபொலோ மீ' என்ற பீ.பீ.சி. ஆங்கிலப் பாட நிகழ்ச்சி சீனத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். தொலைக்காட்சியில் கேட்டதை வாயால் சொல்லிப் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. மூலை அந்த இடமாயிற்று.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கில மூலையைத் தொடங்கியவர்கள் வெளிநாட்டவர் அல்லர். வெளிநாட்டவர் எவராவது அவ்வழியே வந்தால் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் எவரும் வராத நாளிலும் மூலை நடந்தது.

வெளிநாட்டு ஆசிரியர் வந்தபோது

1980களிலும் 1990களிலும் சீனக் கல்லூரிகள் வெளிநாட்டு ஆசிரியர்களை ஒப்பந்த அடிப்படையில் கூடுதலாக அழைக்கத் தொடங்கின. இலக்கணமும் பரீட்சைப் பாடமும் சீன ஆசிரியரின் பொறுப்பு. 'வாய்மொழி ஆங்கிலம்' வெளிநாட்டவரின் பொறுப்பு என்று வேலை பிரிக்கப்பட்டது.

இவ்வாறு வந்தவர்களுள் அமெரிக்காவின் 'பீஸ் கோர்' தொண்டர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 1993இல் சீனாவில் பணி தொடங்கிய இவர்கள் அங்கு 'அமெரிக்க-சீன நட்புறவுத் தொண்டர்கள்' என அழைக்கப்பட்டனர். 2020 வரை 1,300க்கும் மேற்பட்டோர் அங்கு பணிபுரிந்தனர். சிச்சுவான், குய்சோ, கன்சு ஆகிய மாகாணங்களிலும் சொங்கிங் பகுதியிலும் உள்ள கல்லூரிகளே இவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றுள் பல ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள். அங்கே படித்தவர்களில் பெரும்பாலானோர் கமக்காரரின் பிள்ளைகள். படிப்பு முடிந்ததும் அவர்கள் தம் பகுதிக் கிராமப் பாடசாலைகளுக்கே ஆங்கில ஆசிரியராகச் சென்றார்கள். ஆகவே ஒரு தொண்டர் நாற்பது பேரைப் பேசப் பழக்கினால், அந்த நாற்பது பேரும் நாற்பது கிராமங்களுக்கு அப்பேச்சைக் கொண்டுபோவார்கள். நாற்றுமேடையில் செய்யும் வேலை வயல் முழுவதற்கும் பயன்படுவது போன்றது இது.

யாங்சி நதிக்கரையில் உள்ள பூலிங் என்ற ஊரின் ஆசிரியர் கல்லூரியில் 1996 முதல் 1998 வரை கற்பித்தவர் பீற்றர் ஹெஸ்லர். பின்னாளில் இவர் பெயர் பெற்ற எழுத்தாளரானார். 1994இல் கட்டத் தொடங்கி 2003இல் நீர் நிரப்பத் தொடங்கப்பட்ட மூன்று பள்ளத்தாக்கு அணைக்கட்டினால் 10 இலட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர நேர்ந்த நதிப் பள்ளத்தாக்கில்தான் பூலிங்கும் இருக்கிறது. ஹெஸ்லர் அங்கு வந்தபோது சீன மொழி அதிகம் தெரியாதவர். ஆசிரியரிடம் பாடம் கேட்டதுடன் நில்லாமல், தேநீர்க் கடையிலும் தெருவோரத்திலும் ஊர்ச் சனங்களுடன் பேசிப் பேசியே அவர் அம்மொழியைத் தேற்றிக்கொண்டார். அதாவது, ஆங்கிலம் கற்பிக்க வந்தவருக்கும் மொழி வந்தது வகுப்பறைக்கு வெளியேதான். இது மிகவும் சிந்திக்க வேண்டிய விடயம்.

மூலையில் முளைத்த களைகள்

வெளிநாட்டு ஆசிரியரின் ஒப்பந்தத்தில் கிழமைக்கு இத்தனை பாடவேளை என்று எழுதப்பட்டிருக்கும். அதன் கீழே 'ஏனைய செயற்பாடுகளிலும் பங்குபற்ற வேண்டும்' என்ற ஒரு வரியும் பல இடங்களில் சேர்க்கப்பட்டிருக்கும். ஆங்கில மூலை, பேச்சுப் போட்டி, பாட்டுப் போட்டி, மாலைநேரச் சொற்பொழிவு எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். இதிலிருந்து சில குறைகள் தோன்றின.

முதலாவது, ஆசிரியரின் மனக்குறை. மேலதிக வேலைக்குச் சம்பளம் உண்டா, எத்தனை மணித்தியாலம் என்பது தெளிவாகச் சொல்லப்படாத இடங்களில் அவர் அதனைச் சுமையாகவே கருதினார். மனமின்றி வருபவரிடம் பிள்ளைகள் எதையும் பெற முடியாது.

இரண்டாவது, கூட்டத்தின் அமைப்பு. நூறு பேர் ஒரு வெளிநாட்டவரைச் சூழ்ந்து நின்றால் அது மீண்டும் ஒரு வகுப்பறைதான். வாங்கு மட்டுந்தான் இல்லை. துணிந்த ஐந்து பேர் பேசுவார்கள். கூச்சமுள்ள பிள்ளை பின்வரிசையில் நின்று கேட்டுவிட்டுப் போகும். எந்த ஊரவர், எங்கள் நாடு பிடித்திருக்கிறதா, எங்கள் சாப்பாடு பிடித்திருக்கிறதா என்ற அதே கேள்விகள் கிழமைதோறும் திரும்ப வரும்.

மூன்றாவது, தோலின் நிறம். தனியார் வகுப்புகள் சில, கற்பிக்கும் தகுதியைப் பாராமல் வெள்ளை முகத்தைத் தேடின. விளம்பரத்துக்குப் படம் எடுக்க அந்த முகம் உதவியது. 2017இல் நடைமுறைக்கு வந்த வேலை அனுமதி விதிகளும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளின் பிரசைகளுக்கே முன்னுரிமை கொடுத்தன. இதனால் பிற நாடுகளைச் சேர்ந்த அனுபவம் மிக்க ஆசிரியர்கள் ஒதுக்கப்பட்டார்கள். உண்மையில், ஒரு மொழியைத் தானே கஷ்டப்பட்டுக் கற்ற ஆசிரியருக்கே மாணவனின் நாக்கு எங்கே இடறும் என்பது நன்கு தெரியும்.

களை பிடுங்கிய விதம்

நல்ல ஆசிரியர்களும் மாணவர்களும் இக்குறைகளை அனுபவத்தால் திருத்திக்கொண்டார்கள். அவர்கள் கைக்கொண்ட முறைகள் எளிமையானவை.

பெருங்கூட்டத்தை மூன்று நான்கு பேர் கொண்ட வட்டங்களாகப் பிரித்தார்கள். வெளிநாட்டவர் நடுவில் நிற்காமல் வட்டத்துக்கு வட்டம் நடந்து சென்றார். அவர் தம்மிடம் வரும் வரையில் பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அன்றைய விடயத்தை முன்கூட்டியே அறிவித்தார்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கு வீட்டில் நாலு வசனத்தை ஆயத்தம் செய்துகொண்டு வர இது உதவியது.

சும்மா நின்று பேசுவதை விட்டு, ஏதாவது வேலையைச் சேர்ந்து செய்துகொண்டு பேசினார்கள். சேர்ந்து சமைப்பது, சந்தைக்குப் போவது, பந்து விளையாடுவது போன்றவை. கையில் வேலை இருக்கும்போது வாயின் கூச்சம் குறையும். மா குழைக்கும்போது 'இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடு' என்று சொல்ல வேண்டிய தேவை தானாக வரும். தேவைக்காகச் சொன்ன வசனம் மறக்காது.

மாணவர்கள் ஆசிரியருக்குத் தம் மொழியைக் கற்பித்தார்கள். சீன மொழியை ஏற்ற இறக்கத்துடன் சொல்லத் தெரியாமல் ஆசிரியர் தடுமாறும்போது அவர்கள் சிரித்தார்கள். பெரியவரே பிழை விடுகிறார், வெட்கப்படாமல் திரும்பச் சொல்லிப் பார்க்கிறார் என்பதை நேரில் கண்டபோது, தங்கள் பிழையைப் பற்றிய பயமும் கழன்றது. கற்பவரும் கற்பிப்பவரும் சரிசமமாக நிற்கும் இடத்தில்தான் நா கட்டவிழ்கிறது.

பிழையான ஆங்கிலம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவிவிடாதா என்று சிலர் கேட்கலாம். ஓரளவு பரவும். அதற்காகப் பேசும்போதே இடைமறித்துத் திருத்தினால் பேச்சு நின்றுவிடும். கேட்கும் ஆசிரியர் பிழைகளைக் குறித்து வைத்து, முடிவில் இரண்டு மூன்றை மட்டும், எவருடைய பெயரையும் சொல்லாமல் எல்லோருக்கும் விளக்குவதே நல்ல முறை.

ஆசிரியர் போன பின்

2020 ஜனவரியில் சீனாவிலிருந்து பீஸ் கோர் விலகப் போவதாக அறிவிக்கப்பட்டது. அதற்கிடையில் கொரோனா நோய் பரவியதால் தொண்டர்கள் அனைவரும் அவசரமாக வெளியேற்றப்பட்டார்கள். அந்த மார்ச் மாத இறுதியில் சீனா வெளிநாட்டவருக்குத் தன் எல்லையை மூடியது. 2023 ஜனவரியில்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. 2021 ஜூலையில் இலாபத்துக்காக நடத்தப்பட்ட பாட வகுப்புகளுக்கு எதிராகக் கடும் விதிகள் வந்தன; வெளிநாட்டில் இருந்தபடி இணையவழியாகச் சீனப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்களும் தடுக்கப்பட்டார்கள். இலங்கையிலும் பீஸ் கோர் பணி 1998இல் யுத்த காலத்தில் நின்றுபோனது. வெளிநாட்டவரின் வருகையும் போக்கும் நம் கையில் இல்லை. அரசுகளின் உறவு, நோய், யுத்தம், நிதி எதுவும் ஒரே நாளில் அதனை நிறுத்திவிடலாம்.

ஆனால் பூலிங் கல்லூரியில் 1990களில் படித்தவர்கள் பலர், இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும் கிராமத்திலும் சிறு நகரத்திலும் ஆங்கில ஆசிரியராகவே பணிபுரிந்து வந்தார்கள். தம் பழைய ஆசிரியருடன் கடிதத் தொடர்பையும் விடவில்லை. போனவர் போனார், பழக்கியது நின்றது.

மழை நம் சொல் கேட்டு வருவதில்லை. ஆனால் வந்த மழையைத் தேக்கி வைக்கும் குளக்கட்டை நாம்தான் கட்ட வேண்டும். கட்டு இல்லாத இடத்தில் எத்தனை மழை பெய்தும் பயிருக்கு நீர் இல்லை. வெளிநாட்டு ஆசிரியர் மழை என்றால், ஆங்கில மூலை குளக்கட்டு.

எமது முற்றத்தில்

இனி, எம் பிள்ளைகளுக்கு நாம் செய்யக் கூடியது என்ன? பெரிய செலவு எதுவும் தேவையில்லை.

1. இடமும் நேரமும் மாறாதிருக்கட்டும். ஒரு மரநிழல், சனசமூக நிலையம், வாசிகசாலைத் திண்ணை எதுவும் போதும். கிழமையில் ஒரு நாள், ஒரே நேரம், அரை மணித்தியாலம்.

2. இருவர் இருவராகப் பேசட்டும். அரை மணித்தியாலத்தில் ஒரு பிள்ளைக்கு 15 நிமிடம் பேசக் கிடைக்கும். மேலே பார்த்த கணக்கின்படி இது வகுப்பறையில் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் கிடைப்பதற்குச் சமம்.

3. விடயம் எமது வாழ்விலிருந்து வரட்டும். கிணறு, கோழி, மிளகாய்க் கன்று, சந்தை விலை, விட்டுவந்த வீடு. தெரிந்ததைச் சொல்ல முயலும்போதுதான் சொல் தேடும் ஆவல் பிறக்கும். ஊரை நினைத்துப் பேச மனம் வராத பிள்ளையை மட்டும் வற்புறுத்த வேண்டாம்.

4. பிழைக்குச் சிரிப்பதில்லை என்பதே முதல் விதி. பெற்றோரும் வந்து நாலு சொல் பழகினால் பிள்ளைகளின் கூச்சம் பாதியாகக் குறையும்.

5. ஊரில் உள்ளவர்களைத் தேடுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், பழைய எழுதுவினைஞர், உயர்தரம் படித்த அக்கா ஆகியோர் வெளிநாட்டவரிலும் பார்க்க நீண்ட காலம் எம்முடன் இருப்பார்கள்.

6. வெளிநாட்டவர் வந்தால் மகிழ்ச்சியுடன் வரவேற்போம். அவர் எத்தனை நாள் நிற்பார், என்ன செய்வார் என்பதை முதலிலேயே பேசிக்கொள்வோம். அவரை நடுவில் நிறுத்தாமல் வட்டத்துக்கு வட்டம் அனுப்புவோம். அவருக்குத் தமிழில் பத்துச் சொல்லாவது கற்பிப்போம். எவ்வளவு நல்லவர் என்றாலும், எந்த வெளியாளுடனும் பிள்ளைகளைத் தனியே விடாமல் ஊரின் பெரியவர்கள் இருவராவது கூட இருக்க வேண்டும்.

7. பேச்சுப் பழக்கம் வகுப்பறைக்கு மாற்று அல்ல. எழுத்தும் வாசிப்பும் பரீட்சையும் தம் வழியில் நடக்க வேண்டும். மூலை அவற்றுக்குத் துணை.

அன்று கேள்வி கேட்ட தகப்பனுக்கு நாம் உடனே மறுமொழி சொல்லவில்லை. பின்னர் அவரைச் சந்தித்தபோது இவ்வளவையும் எடுத்துச் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப ரீச்சர் வரும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை" என்றார். ஞாயிறு பின்னேரம் நாலரை மணிக்கு அவருடைய முற்றத்து வேம்பின் கீழ் ஏழு பிள்ளைகள் கூடினார்கள். முதல் நாள் பேச்சைவிடச் சிரிப்பே கூட. மகள் தன் பெயரையும், தன்னுடைய ஆட்டுக்குட்டியின் பெயரையும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. எமது பிள்ளைகள் ஆங்கிலம் பேசத் தயங்குவதற்கு, சொல் தெரியாமை, கூச்சம், பேச ஆள் இல்லாமை ஆகியவற்றில் எது முக்கிய காரணம்?

2. நாம் இப்போது வசிக்கும் இடத்தில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் யார் யார்? அவர்களிடம் நாம் இதுவரை உதவி கேட்டிருக்கிறோமா?

3. அடுத்த கிழமையே ஒரு மூலையைத் தொடங்குவதானால் எந்த இடம், எந்த நேரம், பொறுப்பு யாருக்கு?